கோரா பனியனும் ரேவா பாட்டும்

வணக்கம்ங்க. திருப்பூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கடகடவென்று கேட்பது பக்கத்து நிட்டிங் கம்பெனி மெஷின், ஞாயிற்றுக்கிழமையும் நிறுத்தமாட்டார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி கோவையில் இந்தியன் ஓஷன் கச்சேரி பார்த்துவிட்டு வந்தோம். மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஆறினால் சொல்ல வராது என்று, எழுந்ததும் கேமராவை எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்கு: டெல்லிக்காரர்கள். 1990இல் ஆரம்பித்தவர்கள். ராக் பேண்ட்தான், ஆனால் கிதாரும் டிரம்ஸும் இருக்கும் இடத்தில் தபலாவும் இருக்கும். 2000இல் வந்த 'கண்டிசா' ஆல்பம்தான் இவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தத் தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் சுரியானி மொழியில் பாடும் வழிபாட்டுப் பாட்டு. நமக்கு வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே தேவாலயத்தில் பாடுவதை டெல்லிக்காரர்கள் மேடையில் பாடி நான் கேட்கவேண்டியிருந்தது.

எனக்கு இந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்ததும் வேறு வழியில்தான். நாங்கள் சின்னதாக ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடம். செக்கிங் டேபிளில் ஒரு தம்பி இருக்கிறான், மத்தியப் பிரதேசத்துக்காரன், நர்மதைக் கரையில் அவன் ஊர். நூல் பிசிறு வெட்டும்போது எப்போதும் ஒரே பாட்டை முணுமுணுப்பான். என்ன பாட்டு தம்பி என்று கேட்டேன். "எங்க ஆத்துப் பாட்டு அக்கா. ரேவான்னா நர்மதை. தாயே, உன் தண்ணி தெளிஞ்ச தண்ணி, சலசலன்னு ஓடுதுன்னு பாடறோம்" என்றான். அவனுடைய பாட்டி பாடியதாம். அப்புறம் போனை எடுத்து, இதையே ஒரு பேண்ட் பாடியிருக்கிறது என்று போட்டுக் காட்டினான். 'மா ரேவா'. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். நான்கு வருடம் ஆகிறது, அவர்கள் பாட்டு கேட்காமல் எங்கள் பவர் டேபிள், அதாவது தையல் மெஷின்கள், ஓடாது.

அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராம், நர்மதையில் அணை கட்டுவதை எதிர்த்த போராட்டத்தில் அந்த மக்களோடு இருந்தவர். சுற்றுச்சூழல் நச்சியலில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆற்றுத் தண்ணீரில் என்ன கலந்தால் என்ன ஆகும் என்று படித்த மனிதர், ஆற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பாடும் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்து பாடுகிறார். இது தெரிந்த பிறகு என்னால் அதை வெறும் பாட்டாகக் கேட்க முடியவில்லை.

ஏனென்றால் என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், தோட்டம் சென்னிமலைப் பக்கம், நொய்யல் ஆற்றை ஒட்டி. ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் திறந்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை. திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து அதில் தேங்கியது. கடைசியில் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. சாயம் துணியில் பிடிக்க உப்பு கொட்டவேண்டும். நிறத்தைக்கூட எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. அது மண்ணில் இறங்கினால் கிணறும் போய்விடும். அப்புச்சி கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு என் கையில் கொடுத்து, "வாயில வெச்சுப் பாரு கண்ணு" என்றார். நான் துப்பினேன். அவர் பேசாமல் சொம்பைக் கழுவி வைத்தார். அப்போது என் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டில் சோறு பொங்கியதும் அந்தச் சாயத்தில்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் சொட்டுக்கூட வெளியே போகாது என்று ஏற்பாடு செய்தவர்களைத்தான் மறுபடி ஓட்டவிட்டார்கள். அதைப் பார்க்க அப்புச்சி இல்லை.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரி மைதானம். நான், எங்கள் வீட்டுக்காரர், அந்தத் தம்பி, மூன்று பேரும் கம்பெனி குட்டியானையில் நெருக்கி உட்கார்ந்து அவிநாசி ரோடு வழியாகப் போனோம். கூட்டம் முழுக்கக் காலேஜ் பிள்ளைகள். முதல் இரண்டு பாட்டுக்கு ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் இரைந்தது, பாடுகிறவர் குரல் அமுங்கிப் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. மூன்றாவது பாட்டில் சரி செய்துவிட்டார்கள். அப்புறம் ஹிமான்ஷு ஜோஷி குரல் எடுத்தார் பாருங்கள், முன்னால் நின்ற பிள்ளைகள் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அமித் கிலாம் டிரம்ஸை விட்டு எழுந்து கப்குபி எடுத்து வந்தார். வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் வைத்திருக்கும் வாத்தியம். சின்னத் தோல் குடம், அதை அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். நடுத்தோலிலிருந்து ஒரு நரம்பு வருகிறது, அதன் மறுமுனையில் இருக்கும் பிடி இடது கையில். அந்தக் கை இழுக்க இழுக்கச் சத்தம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. நம் உடுக்கையில் கயிற்றை இறுக்கினால் குரல் மாறுமே, அதே வித்தை. எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு உடுக்கை அடிக்கும் தாத்தா இதைப் பார்த்தால் கையில் வாங்காமல் விடமாட்டார்.

அதற்குப் பிறகு 'மா ரேவா'. முதல் அடி வந்ததும் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நின்றுகொண்டிருந்தான். படித்துறையில் இறங்கும்போது நாம் கழற்றுவோமே, அப்படி. பாட்டு முடியும்வரை அவன் வாய் அசையவேயில்லை. தினமும் முணுமுணுக்கிறவன் அன்றைக்குக் கேட்க மட்டும் செய்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

இப்போது பனியன் கதை. இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே ஐந்து பேருக்கும் டி-சர்ட் தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். திருப்பூர்க்காரி வேறு எதைக் கொண்டுபோவாள்? வீட்டுக்காரர் கறுப்புத் துணி எடுக்கலாம், ராக் பேண்டுக்கு அதுதானே என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பாட்டுக்காரர்கள் கையில் சாயத்துணியைக் கொடுக்க முடியாது என்று தோன்றியது. நிட்டிங்கிலிருந்து வந்த கோரா துணியை அப்படியே எடுத்தேன். 30ஆம் நம்பர் நூல், பிளீச்சிங்கும் கிடையாது, டையிங்கும் கிடையாது. இதோ, மிச்சத் துண்டு, கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். பழுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம் தெரிகிறதா? இந்தச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி பருத்திக்கொட்டைத் தூள். மோந்து பார்த்தால் பஞ்சு வாசம் வரும். கோரா துணி துவைத்தால் சுருங்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாகவே வெட்டினேன். கழுத்துப் பட்டியை நானே உட்கார்ந்து தைத்தேன்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றோம். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு எங்கள் முறை வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பையைத் திறந்து பனியனை நீட்டினேன். குழுவில் ஒருவர் துணியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, ஏன் நிறமே போடவில்லை என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். "நீயே சொல்லு சாமி" என்றேன்.

அவன் இந்தியில் சொல்ல ஆரம்பித்தான். எனக்குப் புரிந்தது இரண்டே சொல்தான். ரேவா என்றான். அப்புறம் நொய்யல் என்றான். கையை நீட்டி ஆறு போகும் திசையைக் காட்டினான், சொம்பைப் பிடிப்பதுபோல் கையைக் குவித்தான். அப்புச்சி கிணற்றுக் கதையை என்றைக்கோ ஒரு நாள் டீ நேரத்தில் அவனிடம் சொல்லியிருந்தேன், அதையும் விடாமல் சொல்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. ராகுல் ராம் பக்கத்தில் வந்து நின்று கடைசிவரை கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என்னிடம் இருந்த 'கண்டிசா' சிடி அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட இருக்காது.

திரும்பி வரும்போது ராத்திரி ஒரு மணி. வளர்மதி பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கீழே நொய்யல், தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது, தெருவிளக்கு வெளிச்சம் அதில் நெளிந்தது. தம்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்கப் பாடாத பாட்டைப் பாடினான். ரேவா என்று வருகிற இடத்தில் நொய்யல் என்று போட்டுப் பாடினான், அது தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது. போனில் பிடித்து வைத்திருக்கிறேன். லாரிச் சத்தம் நடுவில் வரும், வெட்டவில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். கேளுங்கள்.