ஒரே புரதம், 154 எழுத்துமுறை

நண்பர்களே, மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது. ஆனால் அது தரும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. இதற்கு 'மௌன மாற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடுதான் எனக்குச் சண்டை.

அமினோ அமிலங்கள் 20; அவற்றைக் குறிக்கும் மூன்றெழுத்துக் கோடான்கள் 61. லியூசின் என்ற ஓர் அமினோ அமிலத்துக்கே ஆறு உண்டு. மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ-யின் எழுத்துகள் ஏ, சி, ஜி, யூ. சி-யூ-ஜி என்றாலும் லியூசின், யூ-யூ-ஏ என்றாலும் லியூசின். எதை எழுதினால் என்ன?

2009-இல் குட்லா, பிளாட்கின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் இதைச் சோதித்தார்கள். ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரதத்துக்கான மரபணுவை 154 விதமாக எழுதி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். புரதம் எல்லாவற்றிலும் ஒன்றேதான். ஆனால் ஒளிர்வில் 250 மடங்கு வித்தியாசம்!

அரிதாகப் பயன்படும் கோடான்கள்தான், ஆர்.என்.ஏ-யைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமைத் தாமதப்படுத்தியிருக்கும் என்றுதானே நினைப்போம்? அது இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. விஷயம் ஆர்.என்.ஏ-யின் தொடக்கத்தில் இருந்தது. அங்கே ஜி-யும் சி-யும் நிறைய இருந்தால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். இழை கொண்டை ஊசி போல மடங்கிவிடும். ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடமே அதுதான். நூலின் முனை சிக்கிக் கிடந்தால் ஊசியில் கோப்பது எப்படி? அந்த இடத்தில் சி-யூ-ஜி-யை யூ-யூ-ஏ ஆக்கினால் லியூசின் அப்படியே இருக்கும், பிடி தளரக்கூடும். வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இந்தத் தொடக்க மடிப்பாலேயே விளங்கியது.

சரி, இது ஆய்வகத்தில் செய்து பார்த்த மரபணு, பாக்டீரியாவின் வாழ்க்கைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலைகளின் மேல் வாழும் மெத்திலோபாக்டீரியம் மெத்தனாலைத் தின்னும்போது நச்சான ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. அதைச் சமாளிக்கும் நொதியின் மரபணுவை, புரதம் மாறாமல், ஆய்வாளர் தீபா அகாஷேயும் சகாக்களும் திருத்தி எழுதினார்கள். 2013-இல் வந்த முடிவு: நொதி குறைந்தது, வளர்ச்சி சரிந்தது. பாக்டீரியா வழக்கமாக விரும்பும் கோடான்களைப் போட்டும் பலனில்லை.

அப்புறம் அந்தத் தளர்ந்த பாக்டீரியாக்களைத் தலைமுறை தலைமுறையாக வளரவிட்டார்கள். அவை மீண்டு வந்தன! அதே மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருந்தது. நொதியின் உற்பத்தி கூடியிருந்தது. மீட்டுத் தந்த அந்த மாற்றங்களில் சில, நாம் மௌனம் என்று ஒதுக்கிவைத்த வகையைச் சேர்ந்தவை.