ஒரே பெயர், இரண்டு தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் நால்வர் இசைக்குழுவின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தின் முதல் பாட்டு எது? பீட்டில்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம். ராத்திரி வரை சண்டை ஓடும். 'டிரைவ் மை கார்' என்பார் லண்டன்காரர். நியூயார்க்கில் வளர்ந்தவரோ 'ஐவ் ஜஸ்ட் ஸீன் எ ஃபேஸ்' என்று அடித்துச் சொல்வார். இரண்டும் சரிதான்.

1965 டிசம்பர் 3-ஆம் தேதி பிரிட்டனில் பார்லஃபோன் நிறுவன முத்திரையோடு வந்த இசைத்தட்டில் 14 பாட்டு. மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டதில் 12. நால்வரின் முகமும் இழுபட்டு நீண்டு தெரியுமே, அட்டையில் அதே படம்தான். உள்ளேதான் கைவரிசை. நாலு பாட்டை உருவிவிட்டு, 'ஹெல்ப்!' ஆல்பத்தின் பிரிட்டிஷ் தட்டிலிருந்து இரண்டைச் செருகியிருந்தார்கள்.

எல்லாம் காசுக் கணக்கு. அமெரிக்காவில் பாட்டுக்கு இவ்வளவு என்று ராயல்டி; பாட்டு குறைந்தால் செலவும் குறையும். பிரிட்டனில் தட்டின் விலையில் ஒரு பங்கு, பாட்டு எத்தனை இருந்தாலும். உருவியதையும் வீணாக்கவில்லை. அந்த நாலும் வேறு சிலவும் சேர்ந்து, 1966 ஜூனில் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' என்று இன்னொரு தட்டு தயார்.

அதன் அட்டை தனிக் கதை. நால்வரும் வெள்ளை அங்கியில், மேலெல்லாம் இறைச்சித் துண்டும் தலை பிய்ந்த பொம்மையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவர்கள் அருவருத்ததில் கேப்பிட்டல் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. அட்டையைத் தூக்கிப்போட மனம் வருமா? பெரிய டிரங்குப் பெட்டியோடு நால்வரும் இருக்கும் படத்தை அதன்மேலேயே ஒட்டி மறுபடி கடைக்கு அனுப்பியது. இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அந்த அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். பெட்டிக்கு வலப்பக்கம், வெள்ளைப் பகுதியில், கறுப்பாக 'வி' வடிவில் ஒரு நிழல் தட்டும். அது அடியில் இருக்கும் படத்தில், நால்வரில் ஒருவரான ரிங்கோவின் சட்டைக் கழுத்து. சிலர் ஆவி காட்டி மேல்தாளை உரிக்கப் பார்த்து, இரண்டு படத்தையும் கெடுத்துக்கொண்டதும் உண்டு.

நான் பிரிட்டிஷ் வரிசையில் பழகியவன். அமெரிக்கத் தட்டைக் குதறல் வேலை என்று ஏளனம் செய்ததுண்டு. ஒருநாள் அதையே முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். மின்கிதாரின் அதட்டலோடு தொடங்க வேண்டியது மரக்கிதாரின் துள்ளலோடு தொடங்குகிறது. 'நோவேர் மேன்' இல்லை. அதனால் மீதிப் பாட்டுகள் நாட்டுப்பாடல் சாயலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கணக்குப்பிள்ளை வெட்டியது இவ்வளவு அழகாக வந்திருக்க வேண்டாம்! அமெரிக்க ஸ்டீரியோ தட்டில் 'ஐ'ம் லுக்கிங் த்ரூ யூ' பாட்டின் தொடக்கத்தில் கிதார் இரண்டு தரம் இடறிவிட்டுத்தான் பாட்டைப் பிடிக்கும். பிரிட்டிஷ் தட்டில் அதைச் சீராக வெட்டிவிட்டார்கள். 1987-இல் சி.டி. வந்தபோது உலகம் முழுக்க பிரிட்டிஷ் வரிசையே நிலைத்தது. அந்த இடறலோடு வளர்ந்தவர்களுக்கு சி.டி.யில் ஏதோ விட்டுப்போன மாதிரிதான் இருந்தது.

கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கேட்டு அசந்துபோனதும் இந்த வெட்டிய தட்டைத்தான். ஒரு பாட்டுகூடச் சோடை இல்லாமல் முழு ஆல்பமும் ஒரே மூச்சில் நிற்க முடியுமா என்று வியந்து, 1966 மே மாதம் 'பெட் சவுண்ட்ஸ்' கொடுத்தார். அதைக் கேட்ட பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னிக்கு உசுப்பேறியது. 1967-இல் 'சார்ஜன்ட் பெப்பர்' பிறந்தது. இரு நாட்டிலும் அதே பாட்டு, அதே வரிசை என்று முதன்முதலில் வந்த பீட்டில்ஸ் ஆல்பம் அதுதான்.

அப்போதும் முழுசாக ஒன்றாகிவிடவில்லை. பிரிட்டிஷ் தட்டில் கடைசிப் பாட்டு முடிந்தபின், ஊசி சுற்றிச் சுற்றி வரும் உள்வட்டக் கோட்டில் புரியாத சளசளப்பு ஒன்று பதிந்திருக்கும். தானாக நிற்காத பிளேயரில், நீங்கள் எழுந்துபோய் ஊசியைத் தூக்கும்வரை அது சுழன்றுகொண்டே இருக்கும். அமெரிக்கத் தட்டில் அந்த இடத்தில் வெறும் உரசல் சத்தம்தான்.

வணக்கம்.