குடம் நிறையும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ கொஞ்சம் பழசாக இருந்தால், ஒலியைக் கூட்டுகிற திருகை ஒரு தடவை திருகிப் பாருங்கள். கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தத் திருகுக்குள் வளைவாக ஒரு கரித்தடம் இருக்கிறது. அதன்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். தடத்தில் தூசியோ உப்போ படிந்தால் கரகரக்கும். புதுச்சேரிக் கடற்காற்றுக்கு இதில் தனித் திறமை. முத்தியால்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக ரேடியோ, டிவி, அப்புறம் கம்ப்யூட்டர் என்று ரிப்பேர் பார்க்கிறேன். எங்கள் வீட்டு உலை பாதி நாள் இந்தக் கரகரப்பில்தான் கொதித்தது.

இன்று நான் பேச வந்திருப்பது பழைய விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும், அவற்றைப் புது ஜாய்ஸ்டிக்கில் ஆடுவதையும் பற்றி. ரேடியோ திருகில் ஆரம்பித்தானே என்று நினைக்காதீர்கள். விஷயமே அந்தத் திருகில்தான் இருக்கிறது.

போன கோடை விடுமுறையில் எதிர்வீட்டுப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பத்தாவது முடித்தவன். அவன் அப்பா இளவட்டமாக இருந்த நாளில், மிஷன் வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் முடிந்தபிறகு எக்ஸ்-விங் ஆடுவாராம். 1993-இல் வந்த விண்வெளிச் சண்டை ஆட்டம். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன், இணையத்தில் அதையே காசு கொடுத்து வாங்கி, தன் புது கேம்பேடைச் செருகியிருக்கிறான்.

"மாமா, கப்பல் அதுபாட்டுக்குச் சுத்துது. நான் கையே வைக்கல," என்றான்.

கேம்பேட் மேஜைமேல் சும்மா கிடந்தது. திரையில் நட்சத்திரங்கள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தன, செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி. வேறொரு கேம்பேடை இரவல் வாங்கிப் பார்த்தானாம், அதுவும் சுற்றியது. "அப்ப கேம்தான் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். இரண்டும் கெடவில்லை. பேசிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

பழைய ஜாய்ஸ்டிக் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். ஐபிஎம் கம்பெனி 1981-இல் தன் முதல் பிசியோடு கேம் போர்ட் என்ற ஓர் இணைப்பையும் விற்றது. பதினைந்து பின் கொண்ட சாக்கெட். பின்னாளில் சவுண்டு கார்டின் முதுகில் இருந்ததே, அதேதான். அதில் செருகும் ஜாய்ஸ்டிக்குக்குள் இரண்டு திருகுகள் உண்டு. ரேடியோவில் இருக்கும் அதே திருகு, அதே கரித்தடம். குச்சியை இடம் வலமாகச் சாய்த்தால் ஒன்று திரும்பும், முன்னும் பின்னும் சாய்த்தால் இன்னொன்று.

இப்போது கம்ப்யூட்டருக்கு, குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியவேண்டும். மின் அளவை எண்ணாக மாற்றித் தரும் சில்லு அந்தக் காலத்தில் விலை அதிகம். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். தெருக்குழாயில் குடம் வைக்கிறோம் இல்லையா? குழாய் முழுக்கத் திறந்திருந்தால் குடம் சட்டென்று நிறையும், பாதி மூடியிருந்தால் நேரம் எடுக்கும். குழாயைப் பார்க்காமலே, குடம் நிறைய ஆன நேரத்தை வைத்து அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இங்கே குழாய் அந்தத் திருகு, குடம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர். கம்ப்யூட்டர் அதைக் காலி செய்துவிட்டு, "நிறைஞ்சுதா? நிறைஞ்சுதா? நிறைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கும். எத்தனையாவது தடவை "ஆச்சு" என்று பதில் வந்ததோ, அந்த எண்தான் குச்சியின் சாய்வு. திருகின் தடை மிக அதிகமான 1,00,000 ஓமில் இருக்கும்போதுகூட குடம் நிறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் ஆகும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வேகமான கம்ப்யூட்டர் அதே நேரத்தில் அதிகத் தடவை கேட்கும், மெதுவானது குறைவாகக் கேட்கும். குச்சி அதே இடத்தில் நின்றாலும் ஒரு கம்ப்யூட்டரில் 300 என்று வரும், இன்னொன்றில் 900 என்று வரும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்டங்கள் ஆரம்பத்திலேயே "குச்சியை மேல் இடது மூலைக்குத் தள்ளிப் பட்டனை அழுத்து, கீழ் வலது மூலைக்குத் தள்ளி அழுத்து" என்று படுத்தி எடுக்கும். கண்ட எண்களை மனதில் குறித்துக்கொள்ளத்தான் அந்தப் படுத்தல்.

இன்றைய கேம்பேடில் குடம் நிறைகிற வரை கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே நிற்கிற வேலை கிடையாது. அதற்குள்ளேயே ஒரு சில்லு அளந்து, "இடம் வலம் இவ்வளவு, மேல் கீழ் இவ்வளவு" என்று எண்ணாகவே யுஎஸ்பி வழியாகச் சொல்லிவிடும். ஆட்டமோ குடத்தோடு நிற்கிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இந்த மாதிரி இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நம்மூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸுக்கும் ஊராருக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை நின்றாரே, அந்த மாதிரி ஒரு துபாஷ் வேண்டும். இரண்டு பாஷை தெரிந்த ஆள்.

அந்த துபாஷின் பெயர் டாஸ்பாக்ஸ். 2002-இல் வெளிவந்த இலவச மென்பொருள், இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும். பழைய ஆட்டங்களை இன்று விற்கும் பல கடைகள் இதைச் சேர்த்தே கட்டித் தருகின்றன. கேம்பேட் சொல்லும் எண்ணை வாங்கிக்கொண்டு, ஆட்டத்திடம் போய்க் குடம் நிறைகிற மாதிரி பாவனை செய்வது இதன் வேலை. பையனின் கப்பல் சுற்றியது இந்த பாவனையில் வந்த கோளாறு.

அவன் அமைப்பில் போலி கம்ப்யூட்டரின் வேகம் நிலையாக இல்லை. முடிந்த மட்டும் ஓடு என்று விடப்பட்டிருந்தது. மூலைகளைக் காட்டியபோது ஒரு வேகம், கப்பல் பறக்கும்போது வேறொரு வேகம். முதலில் குறித்த எண்ணும் பிறகு வந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. நடு என்று ஆட்டம் நினைத்த இடம் நடு இல்லை. சுற்றாமல் என்ன செய்யும்?

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். வேகத்தைச் சொல்லும் சைக்கிள்ஸ் என்ற வரியில் மேக்ஸ் என்று இருந்ததை எடுத்துவிட்டு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்தேன். ஜாய்ஸ்டிக் பகுதியில் டைம்டு என்று ஒரு வரி உண்டு. அது ட்ரூ என்று இருந்தால் துபாஷ் கடிகாரம் பார்த்துப் பதில் சொல்வார், ஃபால்ஸ் என்று மாற்றினால் எத்தனை தடவை கேட்டார்கள் என்று எண்ணிப் பதில் சொல்வார். கப்பல் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய வரி இதுதான். மாற்றினேன். பட்டன்ராப் என்ற வரியையும் ஃபால்ஸ் ஆக்கினேன். பழைய போர்ட்டுக்கு மொத்தமே நாலு பட்டன்தான். உங்கள் கேம்பேடில் பத்துப் பன்னிரண்டு இருந்தால், இந்த வரி மிச்சப் பட்டன்களை மறுபடி முதல் பட்டனிலிருந்து சுற்றி விட்டுவிடும். எதையோ தொட்டால் எதுவோ சுடும்.

"இப்ப மூலைக்குத் தள்ளு" என்றேன். தள்ளினான். கப்பல் நின்றது. ஆனால் தொட்டாற்சிணுங்கி மாதிரி ஆகிவிட்டது. லேசாகத் தொட்டாலே துள்ளியது.

இதற்குக் காரணம் கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும். பழைய ஜாய்ஸ்டிக்கின் குச்சி சதுரமான துளைக்குள் ஆடும், மூலை உண்மையிலேயே மூலை. கேம்பேடின் கட்டைவிரல் குச்சி வட்டத் துளைக்குள் ஆடுவது. வட்டத்துக்கு ஏது மூலை? மேல் இடதுக்குத் தள்ளினால் இரண்டு பக்கமும் சுமார் 70 சதவீதம்தான் போகும். அதுதான் எல்லை என்று ஆட்டம் நம்பிவிடும். அதனால் மூலைக்கு நேராகத் தள்ளாமல், குச்சியை விளிம்போடு ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு எல்லை காட்ட ஆட்டம் இடம் கொடுத்தால் அப்படிச் செய்யுங்கள். இடம் கொடுக்காவிட்டால் வேறு வழியில் சமாளிக்கலாம். டாஸ்பாக்ஸிலிருந்து கிளைத்த மென்பொருள்களில் ஸ்டேஜிங் என்று ஒன்று இருக்கிறது. அதில் நடுவில் உள்ள சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விட டெட்ஸோன் என்ற வரி உண்டு, 10 சதவீதம் என்று தந்திருப்பார்கள். கட்டைவிரலின் நடுக்கம் அதிலேயே அடங்கிவிடும்.

விண்டோஸ் காலத்து ஆட்டங்களின் தொல்லை வேறு ரகம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் வந்த எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர், ஜாய்ஸ்டிக் இல்லாவிட்டால் ஆடவே விடாது. இருந்தாலும் முதலில் கண்ணில் பட்டதைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் வேறு ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் ஆள்காட்டி விரலால் இழுக்கும் இரண்டு ட்ரிகர்களையும் பழைய முறையில் படிக்கும் ஆட்டம் ஒரே அச்சாகப் பார்க்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 1999-இல் வந்த ஃப்ரீஸ்பேஸ் 2-க்கு இந்தக் கவலை கிடையாது. 2002-இல் அதன் மூலநிரலையே வெளியிட்டுவிட்டார்கள், ஆர்வலர்கள் இன்றுவரை பராமரிக்கிறார்கள், புது ஜாய்ஸ்டிக்கோடு நேராகவே பேசும்.

எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று கேட்பீர்கள். முப்பது பட்டன் வைத்த விமான ஓட்டி செட்டெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எலைட் என்ற விண்வெளி ஆட்டம் வந்தது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. அதே வருடம் ஏப்ரலில்தான் நம் ராகேஷ் சர்மா சோயுஸில் ஏறிப் போனார். அந்த எலைட்டில் கப்பல் உருளும், மூக்கைத் தூக்கும், மூக்கைத் தாழ்த்தும். இடம் வலமாக மூக்கைத் திருப்பவே வழி இல்லை. வலப்பக்கம் போக வேண்டுமானால் உருண்டு, பிறகு மூக்கைத் தூக்க வேண்டும். நீங்கள் கைப்பிடியைத் திருகுகிற மூன்று அச்சு ஜாய்ஸ்டிக் வாங்கி வைத்தாலும் அந்தத் திருகலுக்கு அங்கே வேலை கிடையாது. எக்ஸ்-விங்கிலும் இரண்டாவது பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாய்த்தால்தான் கப்பல் உருளும். ஆட்டத்தை எழுதியவர்கள் இரண்டு பட்டனை மனதில் வைத்து எழுதினார்கள், மிச்சத்தைக் கீபோர்டுக்கு விட்டார்கள். கீபோர்டை ஓரங்கட்டாமல் இடது கைக்கு எட்டும்படி வையுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். கரித்தடம் இல்லாமல் காந்தத்தால் வேலை செய்யும் ஜாய்ஸ்டிக்குகள் இருக்கின்றன. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவு, ஹால் சென்சார் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உரசல் இல்லை, அதனால் தேய்மானம் இல்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற நமக்கு இதுதான் லாயக்கு.

அந்தப் பையனுக்கு நான் புதிது எதுவும் வாங்கித் தரவில்லை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே பதினைந்து பின் ஜாய்ஸ்டிக் ஒன்று கிடைத்தது. நூற்றைம்பது சொன்னார், எண்பதுக்குக் கொடுத்தார். கடைக்குக் கொண்டுவந்து அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினோம். ஸ்பிரிங்கில் துரு. செங்குத்தாக நின்ற இரண்டு திருகுகள், ஒவ்வொன்றிலும் 100 கே என்று அச்சு, அதாவது முன்பு சொன்ன அதே 1,00,000 ஓம். "மாமா, மூணு கால் இருக்கு, ரெண்டுலதான் ஒயர் இருக்கு" என்றான். கவனித்துவிட்டானே என்று எனக்குச் சந்தோஷம். குடம் நிறைய குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது போதும், அதற்கு இரண்டு கால் போதும். ஜாய்ஸ்டிக்கை யுஎஸ்பிக்கு மாற்ற நாங்கள் போடப்போகிற அர்டுயினோ லியனார்டோ என்ற சின்ன மின்னணுப் பலகை வோல்டேஜை அளந்து 0 முதல் 1023 வரை எண்ணாகச் சொல்லும். அதற்கு அந்த மூன்றாவது கால் எர்த்தோடு சேர வேண்டும். அவனையே சால்டரிங் அயனைப் பிடிக்கச் சொன்னேன். முதல் பற்று உருண்டையாக, இட்லி மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. கரித்தடத்தில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முன்னும் பின்னும் ஐம்பது தடவை ஆட்டினான். எண்கள் குதிப்பது நின்றது.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் பூட்டிப் பார்த்தோம். வேகத்துக்கு இடது கையை நகர்த்த வேண்டாம் என்று, ஜாய்ஸ்டிக்கின் இரண்டாவது பட்டனுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டன் பொருத்தி, டாஸ்பாக்ஸின் மேப்பரில் அதை பேக்ஸ்பேஸ் கீயாக மாற்றியிருந்தேன். எக்ஸ்-விங்கில் முழு வேகத்துக்கு அந்தக் கீதான். பையன் இரண்டு தடவை மோதிச் செத்தான். பேங்கிலிருந்து வந்த அவன் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளுடா" என்று உட்கார்ந்தார்.

புதுப் பட்டனைப் பற்றி அவரிடம் சொன்னேன், விவரமாகவே சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். எதிரிக் கப்பல் தலைக்கு மேலே கடந்து போனது. குச்சியை இழுத்தார். இடது கை தானாகப் போய் கீபோர்டில் பேக்ஸ்பேஸைத் தட்டியது.

வணக்கம்.