நாக்கின் மேல் பழி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். குழந்தைக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்று என்னிடம் அழைத்து வருகிறவர்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நாக்கு தடிப்பா இருக்கும்மா." கூடப் பாட்டியும் வந்திருந்தால், வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்த கதையும் சேர்ந்து வரும். பிள்ளையை வாய் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கு நாக்காகத்தான் இருக்கும். பிறகு, முதலில் காதைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். அப்போது பாட்டி தன் மகளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! வாய்க்குப் பார்க்க வந்தால் இவள் காதுக்கு அனுப்புகிறாளே என்று.

மனித வாய் எப்படி இத்தனை மொழிகளின் ஒலிகளையும் உண்டாக்குகிறது என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, அந்தப் பாட்டிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்குவோம். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் இதை வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். மற்றவர்கள் கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேல் இரண்டு விரலை வையுங்கள். 'ம்ம்ம்' என்று இழுங்கள். விரலில் அதிர்வு தெரிகிறதா? சரி, இப்போது குக்கர் ஆவி விடுவதுபோல 'ஸ்ஸ்ஸ்'. அதிர்வைக் காணோம். முன்பு அதிர்ந்தவை குரல் நாண்கள். பெயர்தான் நாண், உண்மையில் அவை குரல்வளைக்குள் எதிரெதிராக இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவை திறந்து மூடுகின்றன. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 120 தடவை, பெண்களுக்கு 200 தடவைபோல.

உயிரோடு இருக்கும் மனிதரின் தொண்டைக்குள் இது நடப்பதைத் தெளிவாகப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர் மருத்துவர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்று பெயர், ஸ்பெயின்காரர். 1854ஆம் ஆண்டில், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் நீண்ட காம்புள்ள சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல் நாண்கள் ஆடுவதைத் தானே பார்த்துவிட்டார். பாட்டு வாத்தியார்களைப் பற்றி நான் குறைவாகப் பேசுவதே இல்லை.

ஆனால் குரல் நாண் எழுப்புவது வெறும் சீவாளிச் சத்தம். நாகஸ்வரக்காரர்கள் கச்சேரிக்கு முன்னால் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள், கேட்டிருப்பீர்கள், 'பீ' என்று ஒரு கீச்சொலி. அதை உலவில் பொருத்தினால்தான் தோடியும் கல்யாணியும். நம்முடைய உலவு, குரல்வளையிலிருந்து உதடு வரை போகிற குழாய். வளர்ந்த ஆணுக்கு அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளம். நாகஸ்வரத்தின் உலவு மரம், அது வளையாது. நம்முடையது இஷ்டத்துக்கு வளையும், குறுகும், அகலும். நாக்கை முன்பக்கம் உயர்த்தினால் ஈ. பின்பக்கம் உயர்த்தி உதட்டைக் குவித்தால் ஊ. தாடையைத் தொங்கவிட்டால் ஆ. உயிரெழுத்துகளுக்கு இது போதும்.

மெய்யெழுத்துகளில்தான் வேடிக்கை. அதே காற்றை எங்காவது தடுக்க வேண்டும், அல்லது நெரிக்க வேண்டும், அல்லது வழியை மாற்றிவிட வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு செய்கிற வேலை ஒன்றுதான். மேலண்ணத்தின் பின்பகுதி மெத்தென்று இருக்கும், அதுதான் மூக்குக்குப் போகும் கதவு. ப சொல்லும்போது கதவு சாத்தியிருக்கும், ம சொல்லும்போது திறந்திருக்கும். நம்பாவிட்டால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள்; உடனே முட்டி நின்றுவிடும். சளி பிடித்தவர் 'மணி' என்று கூப்பிட்டால், பஸ்ஸில் வருகிற ப போட்டு 'பணி' என்று காதில் விழுவது இதனால்தான். அண்ணப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நேர்மாறு. கதவு சாத்தவே சாத்தாது, காற்று மூக்கு வழியாக ஒழுகும், ப சொன்னாலும் ம போலக் கேட்கும். அவர்களுக்கு முதலில் அறுவை சிகிச்சை, அப்புறம்தான் நான். அங்கே பழி நிஜமாகவே உறுப்பின் மேல்தான்.

உந்தி முதலா முந்துவளி தோன்றி என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஆரம்பிக்கும். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றில் பட்டு எழுத்தொலியாகிறது என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக்கொண்டு எங்கே பிறக்கிறது என்று விளக்கும். ப, ம இரண்டுக்கும் இதழோடு இதழ் சேரும். வகாரத்துக்குப் பல்லும் இதழும் சேரும். நான் கல்லூரியில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த அட்டவணையின் பெரும்பகுதி அங்கே சூத்திரமாக இருந்ததைப் பிற்பாடு பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இதைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாவற்றையும் நம்மவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் போதாது.

ஏனென்றால் பிறப்பியலுக்கு வேலையில்லாத ஒலிகளும் நம் வாயிலேயே இருக்கின்றன. யாருக்காவது அடிபட்டது என்று கேட்டால் உச்சுக் கொட்டுகிறோமே, அது எப்படி வருகிறது? நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். நாக்கின் பின்பகுதி அண்ணத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நடுவில் கொஞ்சம் காற்று சிறைப்பட்டிருக்கும். நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இறக்கினால் அந்தச் சின்ன அறை பெரிதாகும், உள்ளே அழுத்தம் குறையும். நுனியை விட்டதும் வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தச் சத்தம்தான் 'ச்சு'. இதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே எத்தனை தடவை வேண்டுமானாலும் உச்சுக் கொட்டலாம்.

தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மொழிகளில் இது ஒரு மெய்யெழுத்து. சொல்லின் நடுவில் க, த போல சாதாரணமாக வந்து போகும். மாட்டை முடுக்க வண்டிக்காரர் கடைவாயோரமாக நாக்கைச் சொடுக்குவாரே, அதுவும் அங்கே ஓர் எழுத்துதான். கோசா என்ற பெயரே அந்தச் சொடுக்கில்தான் தொடங்குகிறது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது. நாம் 'கோ' என்று எழுதி ஒப்பேற்றுகிறோம். இந்தச் சொடுக்குகள் அந்த இரு மொழிகளுக்கும் பிறவிச் சொத்தும் அல்ல. அந்த மண்ணில் தங்களுக்கு முன்பே வாழ்ந்த கொய்சான் மக்களோடு கலந்து பழகியதில் கிடைத்தவை. போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் பேசப்படும் தா என்ற மொழியில் சொடுக்கொலிகள் மட்டுமே பல டஜன். நமக்கும் அவை வரும், ஆனால் அனுதாபத்துக்கும் மாட்டுக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம்.

சிந்தி மொழியில் குரல்வளையைச் சற்றே கீழே இறக்கிச் சொல்லும் நான்கு ஒலிகள் உண்டு. ஜார்ஜிய மொழியிலும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் குரல்வளையை மூடி மேலே ஏற்றி, பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் 'டக்'கென்று வெடிக்க விடுவார்கள். அரபு மொழியின் 'ஐன்' தொண்டையின் அடிப்பகுதியை நெரித்து வருவது. அதை ஓர் அயல்நாட்டு அதிசயமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஊர் மதரஸாக்களில் குர்ஆன் ஓதப் பழகும் தமிழ்ப் பிள்ளைகள், எழுத்து வெளிப்படும் இடத்தை 'மக்ரஜ்' என்று பெயர் சொல்லி, ஓதிக் கொடுப்பவர் திருத்தத் திருத்தப் பழகி, அந்த ஐனைச் சுத்தமாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதே தொண்டையால் "அம்மா, பசிக்குது" என்கிறார்கள். நாக்கும் தொண்டையும் எல்லாருக்கும் ஒன்றே.

அப்படியானால் சில ஒலிகள் மட்டும் சிலருக்கு ஏன் வர மறுக்கின்றன?

மறுபடியும் விரலைக் குரல்வளையில் வையுங்கள். 'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதல் 'பா'வில் உதடு மூடியிருக்கும்போது அதிர்வு இல்லை. இரண்டாவதாக வரும் 'பு'வில் உதடு மூடியிருக்கும்போதே அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். இந்திக்காரருக்கு இவை இரண்டு தனித்தனி எழுத்துகள். நமக்கோ ஒரே ப. இரண்டும் ஒன்றுதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வோம். சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதே எது வரும் என்று தீர்மானித்துவிடுவதால், நம் காதுக்கு அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் மேற்குத் திசையும் உள்பனியனும் நமக்கு ஒரே 'வெஸ்ட்'தான். நமக்கு ஒரு வ இருக்கிறது, இரண்டும் அதற்குள் அடங்கிவிடும்.

1984ஆம் ஆண்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் நடத்திய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். திடீரென்று மற்றது வரும். மாறியதைக் கண்டுபிடித்துக் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்தில் ஒரு பொம்மை விளக்கு எரிந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ அந்த வயதிலும் வித்தியாசம் தெரிந்தது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே, எது தேவை எது தேவையில்லை என்று காது கணக்கு முடித்துவிடுகிறது. பாட்டி, இதற்குத்தான் அந்தச் சீட்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு பாதிச் சத்தம் மங்கிப்போய்க் கேட்கும் குழந்தை, அந்த மங்கலைத்தான் திருப்பிச் சொல்லும்.

ழ விஷயத்துக்கு வருகிறேன், வராமல் போனால் விடமாட்டீர்கள். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ரகாரமும் ழகாரமும் பிறக்கும் என்கிறது பிறப்பியல். றகர னகரங்களுக்கு 'ஒற்ற' வேண்டும், இவற்றுக்கு 'வருட'. அந்த ஒரு சொல்லில் என் தொழிலின் பாதி இருக்கிறது. ர, ழ இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். கடல் கடந்து வந்த ஐரோப்பியர் காதில் சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ழ அங்கே ர. ஆனால் பழவேற்காடு 'புலிகாட்' ஆயிற்று, கோழிக்கோடு 'காலிகட்' ஆயிற்று. இங்கெல்லாம் ழ வெறும் ல. தங்களிடம் இல்லாத ஒலிக்குக் காது தன்னிடம் இருப்பதில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைப் போட்டு நிரப்பிக்கொண்டது. நம்மவர்கள் பலர் 'பளம்' என்பதும், பழைய சென்னைப் பேச்சில் 'வாயப்பயம்' என்றதும் வேறு கதையல்ல.

ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடையில் சொல்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் மலையாளத்தில் இருக்கிறது. சீனத்தின் மாண்டரினில் மிக நெருங்கிய ஒலி இருக்கிறது. அமெரிக்கர்கள் 'கார்' என்று சொல்லும்போது கடைசியில் வருவதும் கிட்டத்தட்ட அதுவே. அமெரிக்கர்களின் அந்த ஒலியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, சிலர் நாக்கு நுனியை மேலே வளைக்கிறார்கள், சிலர் நுனியைக் கீழே விட்டுவிட்டு நாக்கின் நடுவைத் திரட்டிக் குவிக்கிறார்கள் என்று தெரிந்தது. நாக்கு வேறு வேறு கோலத்தில் இருக்க, வெளியே கேட்பது ஒன்றே. நாக்குக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, காது கேட்ட ஒலி வந்து சேரும்வரை அது தானாகத் தேடி ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் வந்தாள். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுகிற வேலை. ஒரு விழாவில் தமிழில் தொகுத்து வழங்க வாய்ப்பு வந்திருக்கிறது, ழ வரவில்லை, சிறுவயதிலிருந்தே நாக்கு தடிப்பு என்றாள். அலுவலகத்தில் பேசுவதுபோல் 'கார்' என்று சொல்லச் சொன்னேன். அப்படியே நியூயார்க்கில் இறங்கியதுபோல் வந்தது. "அந்தக் கடைசி ஒலியை விடாதே, இழு" என்றேன். இழுத்தாள். "நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு 'அம்' சேர்." சேர்த்தாள். முன்னால் ஒரு ப வைத்தோம். பழம்.

தான் சொன்னதைத் தானே நம்பாமல் கைப்பேசியில் பதிவு செய்து, நான்கைந்து முறை போட்டுக் கேட்டாள். பழம், பழம், வாழைப்பழம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ரொம்ப நன்றி மேடம். அடுத்த வியாளக்கிளமை வர்றேன்."