தாய்மார்களைக் குளிர வைக்கும் மரத்தலைகள்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் தலைப்பை "ஆப்பிரிக்க முகமூடிகள்" என்று போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கா ஒரு ஊர் அல்ல. ஆகவே பெனின், நைஜீரியா, டோகோ ஆகிய நாடுகளில் வாழும் யொருபா மக்களின் கெலெடே ஆட்டத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். "முகமூடி" என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. கெலெடே முகத்தை மூடுவதில்லை. மரத்தில் குடைந்த அந்தத் தலையை ஆடுபவர் தொப்பிபோல உச்சியில் கவிழ்த்துக்கொள்கிறார். முகத்துக்கு முன்னால் தொங்குவது மெல்லிய துணி. அதன் வழியாகத்தான் அவர் பார்க்கிறார்.

யாருக்காக இந்த ஆட்டம்? "நம் தாய்மார்கள்" என்று அவர்கள் மரியாதையோடு குறிப்பிடும் மூத்த பெண்களுக்காக. பிள்ளை வரம் தரவும் விளைச்சலைக் கெடுக்கவும் வல்ல ஒரு மறை ஆற்றல் அவர்களிடம் இருப்பதாக நம்பிக்கை. தாய் கோபித்தால் எதிர்த்து நின்று வெல்ல முடியுமா? மனம் குளிர வைக்கத்தான் முடியும். அதனால்தான் ஆண்டுதோறும் அறுவடை முடிந்த பிறகும், மழை பொய்த்தாலும், கொள்ளைநோய் வந்தாலும் கெலெடே ஆடுகிறார்கள்.

இரவில் சந்தைத் திடலில் தொடங்கும். சந்தை பெண்களின் இடம் என்பதைக் கவனியுங்கள். அந்த இரவுப் பகுதிக்கு எஃபே என்று பெயர்; வேடிக்கை, கேலி என்று பொருள். எஃபே பாடகர் முதலில் தாய்மார்களை வணங்கிப் பாடுவார். பிறகு ஊரில் தவறு செய்தவர்களை ஒரு பிடி பிடிப்பார். எஃபே பாடியதற்காக அவர்மேல் யாரும் பழிதீர்க்கக் கூடாது என்பது மரபு. (மேடையில் பேசிப் பிழைக்கும் எனக்கு அந்தச் சலுகை கிடையாது!)

மறுநாள் பகலில் ஒரே மாதிரி வேடம் கட்டி இரண்டிரண்டு பேராக ஆடுவார்கள். பெண் வேடம் போட்டாலும் ஆடுபவர் ஆண்தான். மார்பும் இடுப்பும் பெருத்துத் தெரிய உள்ளே மரத்தில் செய்த உறுப்புகளைக் கட்டுவார்கள். மேலே சுற்றியிருப்பது பெண்களிடம் இரவல் வாங்கிய தலைத்துணிகளும், குழந்தையை முதுகில் கட்டும் துணிகளும். காலில் இரும்புச் சலங்கை. முழவு சொல்லும் சொல்லைக் கால் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

செதுக்கிய முகம் அமைதியாக இருக்கும். அதன் உச்சியில்தான் உலகமே ஏறி உட்கார்ந்திருக்கும். பாம்பு, பறவை, தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள், விமானம் என்று எது வேண்டுமானாலும் வரும். பழமை கெட்டுப்போயிற்று என்று அங்கே யாரும் அழுவதில்லை.

எங்கும் ஆண்கள்தான் அணிவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சியரா லியோனில் மெண்டே மக்களின் சாண்டே என்ற பெண்கள் சங்கத்தில், ஆண்கள் செதுக்கிய கன்னங்கரிய சோவே தலையைப் பெண்களே அணிந்து ஆடுகிறார்கள். கழுத்து மடிப்புகளை, நீரிலிருந்து தேவதை எழும்போது பரவும் அலை வளையங்கள் என்பார்கள். பேரழகு. ஆனால் அந்தச் சங்கத்தின் சடங்கில் சிறுமியரின் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கமும் உண்டு. அழகைப் புகழ்ந்துவிட்டு இதை விழுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கெலெடேயை 2001-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பது மரத்தை மட்டுமே. ஆட்டம் முடிந்ததும் இரவல் துணிகள் அந்தந்த வீடுகளுக்குத் திரும்பிவிடும். மரத்தலை பத்திரமாக இருந்து, அடுத்த ஆட்டத்துக்குப் புது வண்ணம் பூசிக்கொள்ளும். பழைய கெலெடே எதையாவது எங்காவது பார்த்தால், வண்ணம் உதிர்ந்த இடத்தைக் குனிந்து பாருங்கள். அடியில் இன்னொரு வண்ணம் தெரியக்கூடும்.