உண்ணிக்குக் குளிர் போட்ட வேலி

எல்லோருக்கும் வணக்கம். மாட்டு உண்ணியும் மாறிவரும் பருவநிலையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உண்ணியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதனால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருகிறேன்.

அங்கே டெக்சாஸிலிருந்து மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே கான்சஸ், மிசௌரி என்று ஓட்டிக்கொண்டு போவார்கள். வந்த மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடந்த வழியில் மேய்ந்த உள்ளூர் மாடுகளுக்குத்தான் சில வாரத்தில் கடும் காய்ச்சல் வரும், மூத்திரம் ரத்த நிறத்தில் போகும், அப்புறம் விழுந்து சாகும். கான்சஸ் மாநிலம் 1885-இல் டெக்சாஸ் மாடுகளுக்குத் தடையே போட்டது. உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்ததைப் படித்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1893-இல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையே சோதனை செய்து நிரூபித்தார்கள். ரத்தச் சிவப்பணுவை உடைக்கும் பபீசியா கிருமியை உண்ணி சுமந்து போகிறது.

டெக்சாஸ் மாடு ஏன் சாகவில்லை? கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்து, லேசாக நோய் வந்து, எதிர்ப்புச் சக்தி பிடித்துவிட்டது. கன்றுகளை இந்த நோய் அவ்வளவு கடுமையாகத் தாக்காது. சரி, வடக்கே போன உண்ணி அங்கேயே ஏன் தங்கவில்லை? பனிக்காலம் அதைக் கொன்றுவிட்டது. வருடா வருடம் குளிர் வந்து, சம்பளம் வாங்காமல் மருத்துவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போனது.

அந்த உண்ணி மாட்டின் மேல் இருப்பது சுமார் மூன்று வாரம்தான். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, குப்பையிலோ புல்லடியிலோ ஒளிந்து, 2,000, 3,000 முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை பொரிவதும், குஞ்சு புல் நுனியில் ஏறி மாட்டுக்காகக் காத்திருப்பதும் தரையில்தான் நடக்கிறது. கதகதப்பும் ஈரமும் இருந்தால் சில வாரத்தில் பொரிந்துவிடும். குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும், அல்லது முட்டையே வீணாகும். குளிர்காலம் சுருங்கச் சுருங்க உண்ணிக்கு வருடத்தில் இன்னொரு தலைமுறைக்கு இடம் கிடைக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, வெயில் கூடினால் உண்ணியும் கூடும் என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். காய்ந்த வெயிலில் திறந்த மேய்ச்சல் நிலத்துக் குஞ்சுகள் ஈரம் வற்றிச் செத்துப்போகும். நீண்ட வறட்சியில் உண்ணி குறையவும் செய்யும். கோடை நடுவே இரண்டு நல்ல மழை விழுந்தால் நிலைமை வேறு.

எனக்குப் பயம் எண்ணிக்கையைப் பற்றி இல்லை, எல்லையைப் பற்றி. எப்போதும் உண்ணி இருக்கிற ஊரில் மாடு கன்றிலேயே பழகிவிடும். ஒரு வருடம் வந்து, இரண்டு வருடம் காணாமல் போகிற ஓரத்து ஊரில்தான் வளர்ந்த மாடுகள் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் மாட்டிக்கொள்ளும். பருவநிலை மாறும்போது அந்த ஓரம் இடம் பெயர்கிறது. நீலகிரி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த மேட்டில் மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமவெளியிலும் கலப்பினக் கறவை மாடுகளுக்கு நாட்டு மாட்டின் தாங்கும் சக்தி கிடையாது. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான தைலேரியா காய்ச்சலில் முதலில் படுப்பது அவைதான்.

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடவும் முடியாது. அமெரிக்கா 1906-இல் உண்ணி ஒழிப்பைத் தொடங்கி, 1943-இல் மெக்சிகோ எல்லையோரப் பட்டை ஒன்றைத் தவிர ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அந்தப் பட்டையில் இன்றும் குதிரையில் போய்க் காவல் காக்கிறார்கள். ஆனால் 1920, 30-களில் நம் நாட்டு நீல்காய் என்ற பெரிய மானைத் தெற்கு டெக்சாஸில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது பெருகி, உண்ணியைச் சுமந்துகொண்டு வேலி தாண்டுகிறது. மாட்டை மருந்துத் தொட்டியில் இறக்கலாம், நீல்காயை யார் பிடித்து இறக்குவது?

நம் ஊரில் உண்ணியை ஊர் தாண்டிக் கொண்டுபோவது மாட்டுச் சந்தையும் லாரியும். மருந்தும் முன்போலக் கேட்பதில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றுக்குச் சாகாத உண்ணிகள் இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. குத்துமதிப்பாகக் கலந்து, பாதி செத்தால் போதும் என்று அடித்தால், பிழைத்த பாதிதான் அடுத்த தலைமுறையைப் போடும். மாட்டுக்கு மட்டும் அடித்துவிட்டுக் கொட்டகையை விடுவதும் வீண்தான். தைலேரியாவைப் பரப்பும் உண்ணி சுவர் விரிசலில்தான் குடியிருக்கிறது. விரிசலைப் பூசுங்கள், குப்பையை வாரி எரியுங்கள், நாலு கோழியை உள்ளே விடுங்கள்.

சந்தையில் மாடு பிடித்து வந்தால் மற்ற மாடுகளோடு கட்டாமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். காதுக்குள், மடிக்குப் பின்னால், வாலடியில் விரலால் தடவிப் பாருங்கள். கடுகளவில் கண்ணுக்குத் தப்பியது அதற்குள் ஊதிப் பெரிதாகிக் கைக்கு அகப்படும்.