சளி வெளிய வரலையா? இருமாதீங்க, "ஹா"-னு ஊதுங்க!

(திரையில்: முகம் பார்க்கிற கண்ணாடி. வாயைத் திறந்து ஒருத்தர் ஊத, கண்ணாடியில ஆவி படியுது.)

காய்ச்சல் போயிடுச்சு. உடம்பு வலி போயிடுச்சு. இருமல் மட்டும் போக மாட்டேங்குது. நெஞ்சுக்குள்ள சளி ஒட்டிட்டு இருக்கு, எப்படியாவது எடுத்துடணும்னு வயிறு வலிக்க வலிக்க இருமுறீங்க. அப்படியும் வரலையா? நீங்க இருமுற வேகமே அந்தச் சளிக்கு வழியை அடைச்சுட்டு இருக்கலாம். அதை வெளிய கொண்டுவர பிசியோதெரபிஸ்டுங்க சொல்லித் தர்ற முறை ஒண்ணு இருக்கு. இந்த வீடியோவே அதுக்காகத்தான்.

முதல்ல எத்தனை நாள்னு பார்த்துடலாம். ஒரு வாரத்துல நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, நெஞ்சுச் சளி இருமல் சராசரியா 18 நாள் இருக்குது. மூச்சுக்குழாய் உள்சுவர்ல இருக்கிற நுண்ணிய இழைங்கதான் சளியை மேல தள்ளிட்டே இருக்கும். வைரஸ் அந்த இழைங்க இருக்கிற செல்களை உரிச்சுப் போட்டுடும். அது திரும்ப வளர வாரக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் சளியைத் தள்ளுற வேலை இருமலோட தலையில விழுது. சிகரெட் புகை மிச்சம் இருக்கிற இழைங்களையும் முடக்கிடும்.

சளி பச்சையா வருதே, ஆன்டிபயாடிக் வேணுமான்னு கேக்குறீங்களா? நிறத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. அந்தப் பச்சை, சண்டை போட வந்த வெள்ளை அணுக்களோட நிறம். அதுக்குள்ள மைலோபெராக்சிடேஸ்னு ஒரு நொதி இருக்கு, இரும்புச் சத்து உள்ளது, நிறமே பச்சை. 1941-ல பிரிச்செடுத்தப்போ பச்சைங்கிற அர்த்தம் வர்ற மாதிரி வெர்டோபெராக்சிடேஸ்னுதான் பேரே வெச்சாங்க. அது பண்ற வேலை இன்னும் ஆச்சரியம்: உடம்புல இருக்கிற உப்புலேர்ந்து குளோரைடை எடுத்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கும். ப்ளீச்ல கிருமியைக் கொல்றதும் அதே பொருள்தான்! வைரஸ் சண்டையிலயும் சளி பச்சையாகும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்காதீங்க.

இப்போ முக்கியமான விஷயம். பலமா இருமும்போது தொண்டை மூடி, உள்ள அழுத்தம் ஏறி, அப்புறம் வெடிச்சுத் திறக்குது. அந்த அழுத்தம் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களை வெளியிலேர்ந்து நசுக்குது. ரப்பர் குழாயைக் கால்ல மிதிச்சுட்டு, தண்ணி வரலையேன்னு மோட்டாரை வேகமா ஓட்டுற கதைதான். சளி அடைப்புக்குப் பின்னாடியே நின்னுடும். "ஹா"-னு ஊதும்போது தொண்டை திறந்தே இருக்கு. குழாய் நசுங்குறது குறையுது, காத்து சளியைத் தள்ளிட்டு மேல வருது.

எழுந்து உக்காருங்க, சேர்ந்தே பண்ணுவோம். முழங்கையை மேசை மேல ஊன்றி, தோளைத் தளர்த்திடுங்க. அரை நிமிஷம் சும்மா, மெதுவா, வயிறு ஏறி இறங்குற மாதிரி மூச்சு விடுங்க. அப்புறம் மூக்கு வழியா ஆழமா இழுத்து, 3 செகண்ட் நிறுத்தி, தள்ளாம தானா வெளிய விடுங்க. இது மூணு இல்ல நாலு தடவை போதும். அந்த 3 செகண்ட் ஏன்னா, காத்து பக்கத்து வழிகள்ல புகுந்து சளிக்குப் பின்னாடி போய்ச் சேரணும். பின்னாடி காத்து இல்லாம முன்னாடி தள்ள முடியாது.

மறுபடி கொஞ்சம் சாதாரண மூச்சு. இப்போ பாதி அளவு மூச்சை இழுத்து, வாயை "ஓ"-னு வட்டமாத் திறந்து, கண்ணாடியில ஆவி படிய வைக்கிற மாதிரி நீளமா "ஹாாா". ஒண்ணு, ரெண்டு தடவை. ஒரு கையை நெஞ்சு மேல வைங்க, சளி நகரும்போது கரகரன்னு அதிர்வு கைக்கே தெரியும். சளி தொண்டைக்கிட்ட வந்ததும் முழு மூச்சு இழுத்து, குட்டையா வேகமா ஒரு "ஹா!" அப்புறம் ஒரே ஒரு இருமல், துப்பிடுங்க. ரெண்டு தடவை ஊதியும் கரகரப்பு இல்லேன்னா நிறுத்தலாம். ஒரு தடவைக்கு 10 நிமிஷம், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாப்பிட்ட உடனே வேண்டாம்.

எங்க தப்பு நடக்கும்? மெழுகுவர்த்தி ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சா வேலைக்கு ஆகாது. "க்ஹா"-னு தொண்டையைச் சுரண்டினா தொண்டைதான் புண்ணாகும். ஊதும்போது விசில் சத்தம் வந்தா ரொம்ப பலமா ஊதுறீங்க, பாதியா குறைங்க. தலை சுத்தினா நிறுத்தி ஓய்வு எடுங்க. விலா எலும்பு உடைஞ்சவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் பண்ணணும்.

வறட்டு இருமலா இருந்தா இதுக்கு நேர் எதிரா பண்ணுங்க. வெளிய எடுக்க எதுவும் இல்ல. இருமுற ஒவ்வொரு தடவையும் புண்ணான இடம் இன்னும் எரிஞ்சு, அடுத்த இருமலை இழுக்குது. அரிப்பு வந்ததும் எச்சிலை விழுங்கி, வாயை மூடி, மூக்குல சின்னச் சின்ன மூச்சா விடுங்க. பக்கத்துல தண்ணி வெச்சு ஒரு வாய் குடிங்க.

தூங்கப் போறப்போ ஒரு டீஸ்பூன் தேன் நிஜமாவே உதவும். ஆனா ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேன்ல பொட்டுலிசம்ங்கிற கடுமையான நோயை உண்டாக்குற கிருமியோட வித்துகள் இருக்கலாம், சுடுதண்ணியில கலந்தாலும் அதெல்லாம் சாகாது. தலையணையைக் கழுத்துக்கு மட்டும் வைக்காம, தோளுக்கும் முதுகுக்கும் சேர்த்துச் சாய்வா வைங்க. கொதிக்கிற பாத்திரத்துல குனிஞ்சு ஆவி பிடிக்கிறதை, முக்கியமா குழந்தைங்களுக்கு, விட்டுடுங்க: கைதவறினா வெந்துடும், கிடைக்கிற பலன் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. சளியை இளக்குற மருந்தையும் இருமலை அடக்குற மருந்தையும் ஒண்ணா குடிக்காதீங்க. இளகின சளி உள்ளயே தங்கிடும்.

இப்போ, வீட்டு வைத்தியத்தை நிறுத்துற இடம். சளியில ரத்தம், நெஞ்சு வலி, பேசவே மூச்சு வாங்குறது, உதடு நீலமாகுறது, குழப்பமாப் பேசுறது, நிமிஷத்துக்கு 30-க்கு மேல மூச்சு, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் அளவு 92% இல்ல அதுக்குக் கீழ: உடனே ஆஸ்பத்திரி. நகச்சாயம், சில்லுனு இருக்கிற விரல் ரெண்டும் ஆக்சிமீட்டரை ஏமாத்தும். துடைச்சு, சூடு பண்ணிட்டுப் பாருங்க. காய்ச்சல் விட்டு மறுபடி வந்தாலோ, இருமல் 2 வாரம் தாண்டினாலோ, எடை குறைஞ்சு ராத்திரி வேர்த்தாலோ டாக்டரைப் பாருங்க, காசநோய் இல்லைன்னு உறுதி பண்ணணும்.

இன்னொண்ணு, வீட்டுல பெரியவங்களோட பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் படிங்க. எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில்னு "பிரில்"-ல முடிஞ்சா, மாசக்கணக்கா வர்ற வறட்டு இருமலுக்கு அந்த மாத்திரையே காரணமா இருக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, அட்டையோட டாக்டர்கிட்ட போங்க, வேற மாத்திரை மாத்திக் கொடுப்பாங்க. அட்டையில என்ன பேர் இருந்துச்சுன்னு பார்த்தவங்க கமென்ட்ல எழுதுங்க.